லபெயே நிறம்

எங்கள் டொயோட்டா கொரோலா காரின் ரேடியேட்டர் தண்ணீர் ஏன் பழுப்பானது என்ற கேள்விக்கு விடை கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது. விடை கிடைத்த பிறகும் அந்த விஷயம் என்னை விடவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஏப்ரலில் ஒரு நாள் நான் அப்பாவிடம் சொன்ன வார்த்தையும், அதற்கு அவர் பதிலே சொல்லாமல் எழுந்து போனதும், மறுநாள் காலை நாங்கள் இருவரும் ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததும் ஓயாமல் வந்துபோகின்றன. எழுதிப் பார்த்தால் கொஞ்சம் அடங்கும் என்று தோன்றியது.

1997 மாடல் வண்டி. 1500 சிசி, 5ஏ எஞ்சின், ஆட்டோ கியர். 2011-இல், நாற்பது வயது தாண்டிய வண்டிகளை ஒப்படைத்தால் வெளியிலிருந்து வேறு வண்டி இறக்கிக்கொள்ளலாம் என்று பர்மா அரசாங்கம் வழி திறந்ததே, அந்த அலையில் வந்தது. அப்பாவின் பழைய பிக்கப்பைக் கொடுத்துப் பெற்ற ஸ்லிப்பில், அதாவது இறக்குமதி அனுமதிச் சீட்டில், வாங்கியது. பிக்கப்பை ஒப்படைத்துவிட்டு வந்த நாளில் அவர் சோறு தொடவில்லை என்று அம்மா இன்னும் சொல்வார். கொரோலா வந்ததும் அந்த அக்கறை முழுவதும் இதன் மேல் இறங்கியது. விடியற்காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, போனட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார். குறைந்திருந்தால் செம்பில் கொண்டுவந்து ஊற்றுவார். அதற்குப் பிறகுதான் குளியல், சாமி, தேத்தண்ணி எல்லாம். நான் கண் விழிக்கும்போது போனட் மூடுகிற சத்தம் கேட்கும். வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம்.

இந்த மார்ச்சில் அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். எழுபத்தாறு வயது. சில வாரத்துக்குக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக போனட் வேலை எனக்கு வந்தது. நான் படித்தவன் செய்கிற மாதிரி செய்தேன். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்கிற வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் தண்ணீர் நின்றால் போதும் என்று எங்கேயும் எழுதியிருக்கிறது. பாட்டில் நிறைந்து நின்றது. அதன் சுவர் கறைபிடித்துக் கிடந்ததால் உள்ளே இருப்பது என்ன நிறம் என்று தெரியவில்லை. நானும் பார்க்க முயலவில்லை.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெகுவில் சித்தி பேத்திக்குக் காதுகுத்து. எங்கள் ரங்கூனிலிருந்து ஐம்பது மைல். டவுக்சான் போர்க் கல்லறையைத் தாண்டி லேகு வருவதற்குள் சூட்டு முள் பாதியை விட்டு எழும்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் கோட்டை நெருங்கிவிட்டது. ஓரம் கட்டினேன். முக்கால் மணி நேரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, மேல் ஹோஸைத் தொட்டுச் சூடு போனதை உறுதிசெய்துகொண்டு, துணியைப் போட்டு மூடியைத் திருகினேன். கழுத்துவரை இருக்கவேண்டிய தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. குடிக்கக் கொண்டுவந்த இரண்டு பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். அப்போது மேலே ஏறி வந்தது பாருங்கள், அது லபெயே, பர்மாத் தேத்தண்ணி. தேத்தண்ணிக் கடையில் ச்சோ செய்ன் என்று கேட்டால், பாலும் சீனியும் தூக்கலாகப் போட்டுக் கொண்டுவந்து வைப்பானே, அதே நிறம், அதே கெட்டி. பெகுவுக்குப் போகாமல், ஐந்து மைலுக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி ரங்கூனுக்கே திரும்பினேன்.

ஒரு நிமிஷத் தீர்ப்பு

மறுநாள் வண்டியைப் பார்த்த சயா (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு டார்ச் அடித்தார், விரலை விட்டுத் தொட்டார், "ஹெட் கேஸ்கட். எண்ணெய் தண்ணியில கலந்திருச்சு" என்றார். முழுசாக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடுதான் கேஸ்கட். ஹெட்டைக் கழற்ற வேண்டும், முகம் சீவ வேண்டும், கேஸ்கட் போட வேண்டும், கழற்றிப் பார்த்தால்தான் மற்றது தெரியும். அவர் சொன்ன தொகை என்னுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். நான் மறுபேச்சுப் பேசவில்லை. அவர் சொன்னதில் தர்க்கம் இருந்தது: வண்டி சூடேறியது, தண்ணீர் குறைந்தது, வெளியே எங்கேயும் ஒழுகிய ஈரம் இல்லை, தண்ணீர் பால் மாதிரி கலங்கியிருக்கிறது. நான்கும் கேஸ்கட் போனதற்குச் சொல்கிற அடையாளங்கள்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கலங்கிய தண்ணீரோடு வருகிற பழைய வண்டியில் கேஸ்கட் போயிருப்பது சகஜம். எப்போதும் நடப்பதையே அவர் இங்கேயும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எண்ணெய்க் கம்பிய இழுத்துப் பாத்தியா?" இல்லை. "சயா பாத்தாரா?" அதுவும் இல்லை. "பாக்காம எப்படித் தம்பி ஹெட்டைத் தூக்கச் சொன்னே?" என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வெயில், திரும்பி வந்த அவமானம், பணம் எல்லாம் சேர்ந்து, "உங்க அவீசித் தண்ணிதாம்ப்பா அந்த எஞ்சினைத் தின்னிருக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் சொட்டு மருந்து விடுகிற நேரம் என்று எழுந்து உள்ளே போனார்.

அவீசி

இங்கே ஆழ்குழாய்க் கிணற்றுக்கு அவீசித் துவின் என்று பேர். அவீசி என்பது பௌத்தத்தில் அடிமட்ட நரகம். அவ்வளவு ஆழம் என்று சொல்ல வைத்த பேர். எங்கள் தெருவுக்கு வருகிற அவீசித் தண்ணீரைப் பிடித்து வைத்தால் ராத்திரிக்குள் மஞ்சள் பூத்துவிடும். குளியலறைத் தரையில் காவிக் கறை. வாளியின் உள்வட்டத்தில் காவி வளையம். அத்தனையும் இரும்பு. இந்தத் தண்ணீரைத்தான் அப்பா செம்பு செம்பாக ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கூலன்ட் என்றால் குளிர் நாட்டுக்காரர்களுக்கு, தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றுவது என்ற எண்ணம் இங்கே பலருக்கு இருக்கிறது. ரங்கூனில் எந்த ஜென்மத்தில் தண்ணீர் உறையப்போகிறது? சூட்டை எடுத்துக்கொண்டு போவதில் கூலன்டைவிட வெறும் தண்ணீர் மேல் என்பதும் உண்மைதான். ஆனால் கூலன்டில் கலந்திருக்கிற துரு தடுக்கும் மருந்துதான் வெப்ப நாட்டுக்காரனுக்கு வேண்டியது. 5ஏ எஞ்சினின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம், நடுவில் ஓடுவது சூடான தண்ணீர். மருந்து இல்லாவிட்டால் இரும்பு துருப்பிடிக்காமல் என்ன செய்யும். பர்மாக்காரர்கள் ரேடியேட்டரையே யே தைங்கி என்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி. பேரே அப்படி இருக்கும்போது அதில் தண்ணீர் ஊற்றுகிறவரை என்ன சொல்வது?

அப்பா பதினாறு வயதில் பஸ்ஸில் ஸ்பெயாவாக, அதாவது டிரைவரின் கையாளாக, தொற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய செவர்லே லாரிகளுக்கு மரக்கூடு கட்டிப் பஸ்ஸாக ஓட்டிய காலம். பிறகு ஓட்டுநர், பிறகு சொந்தமாக, லைனில் ஆள் ஏற்றுகிற பிக்கப். 1970-இல் ஒரே நாளில் நாடு முழுக்க இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் மாறி ஓட்டச் சொன்னபோது, அந்த மாற்றத்தை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து அனுபவித்தவர். அந்த வண்டிகளில் எல்லாமே ஒழுகும். ரேடியேட்டரை ஈயம் வைத்து ஒட்டுவார்கள், இரண்டு வாரத்தில் வேறு இடத்தில் விடும். கூரைமேல் தண்ணீர் டிரம் வைத்து அதிலிருந்து குழாய் இறக்கியிருப்பார்கள். கூலன்ட் என்ற பேச்சே கிடையாது, இருந்தாலும் ஊற்றிய அன்றே தெருவில் போயிருக்கும். காலையில் தண்ணீர் பார்க்காதவன் டிரைவரே இல்லை என்பது அவர் கற்ற பாடம். அந்தப் பாடம் தப்பில்லை. அது வேறு வண்டிக்கு எழுதின பாடம். இதை இப்போது நிதானமாக எழுதுகிறேன், அன்று ராத்திரி எனக்கு இந்த நிதானம் இல்லை.

பாட்டில்

தூங்கப் போவதற்கு முன் அடுக்களையில் சத்தம் கேட்டுப் போனேன். அப்பா ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் குனியக் கூடாது. நீ போய் ரேடியேட்டர்லேர்ந்து ஒரு பாட்டில் எடுத்துட்டு வா. கண்ட துணிய உள்ள விடாதே" என்றார். குழாயை விட்டு உறிஞ்சி எடுப்பதற்கு அழுத்துகிற பம்பு இருந்தது. வாயால் உறிஞ்சக் கூடாது என்று நான் சொல்லவேண்டியதாகவே இல்லை, அவரே சொன்னார். பாட்டில் நிறைய லபெயே. அதை ஜன்னல் திட்டில் வைத்து, "யாரும் தொடாதீங்க, ஆட்டாதீங்க" என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

நான் படுக்கவில்லை. இணையத்தில் தேடத் தேடப் பயம் கூடியது. கேஸ்கட்டை விடப் பெரிய பயம் ஒன்று ஆட்டோ கியர் வண்டிகளுக்கு உண்டு. கியர் எண்ணெயைக் குளிர்விக்கிற குழாய் ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது உள்ளுக்குள் அரித்து ஓட்டை விழுந்தால், சிவப்பு எண்ணெய் தண்ணீரில் கலந்து இளஞ்சிவப்புப் பாலாகும். தண்ணீர் கியர் பெட்டிக்குள் போய், உள்ளே இருக்கிற கிளட்ச் தகடுகளின் ஒட்டு விட்டுப்போகும். பிறகு கேஸ்கட் செலவைச் சின்னச் செலவு என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலன்டைக் கலந்தாலும் பழுத்துக் கூழாகலாம். ஒழுக்கை அடைக்கப் போடுகிற பொடியும் பழுப்பாக்கும். வருஷக்கணக்கில் மாற்றாத கூலன்டும் புளித்து அமிலமாகிக் கறுக்கும். ஒரே பழுப்பு நிறத்துக்கு ஆறு கதை. எல்லாமே எங்கள் வண்டிக்குப் பொருந்துகிற மாதிரித்தான் இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி, எஞ்சின் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தேன். கறுப்பு, சுத்தம், பால் கட்டவில்லை. கியர் எண்ணெய்க் கம்பியை இழுத்தேன். கொஞ்சம் பழையதுதான், ஆனால் தெளிந்த சிவப்பு. மூச்சு வந்தது. அப்பா கேட்ட முதல் கேள்விக்கு நான் விடை தெரிந்துகொண்டபோது, வண்டி சூடேறி ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

காலை ஐந்தரைக்கு அவர் எழுப்பினார். ஜன்னல் திட்டில் பாட்டில் வேறு மாதிரி நின்றது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் செங்கல் நிற மண். அதற்குமேல் வெளுத்த மஞ்சளாய்த் தெளிந்த தண்ணீர், அந்தப் பக்கத்து ஜன்னல் கம்பி தெரிகிற அளவுக்கு. மேல்மட்டத்தில் ஒன்றும் இல்லை. ஆடை இல்லை, எண்ணெய் வளையம் இல்லை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வானவில் நிறம் ஓடுமே, அதுவும் இல்லை. எண்ணெய் கடைந்த பால் என்றால் ஒரு ராத்திரியில் முழுசாகப் பிரியாமல்கூட நிற்கும். ஆனால் இப்படி அடியில் மண்ணாக இறங்கி மேலே தெளியாது. அப்பா ஒரு சொட்டைப் பழைய காலண்டர் தாளில் விட்டுக் காயவைத்தார். காவிக் கறை நின்றது, எண்ணெய்க் கசிவு மாதிரி தாள் ஊடுருவித் தெரியவில்லை. அடி மண்ணை விரலில் தேய்த்தால் நறநறத்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை பாட்டிலுக்கு வெளியே வைத்து நகர்த்தினேன், மண்ணிலிருந்த கறுப்புத் துகள் கொஞ்சம் அதன் பின்னாலேயே கண்ணாடியோடு ஊர்ந்து வந்தது. துரு. சயா பால் என்று பார்த்தது, மிக நுணுக்கமான துரு கலங்கி மிதந்தது.

அப்பா கட்டுப் பிரித்த கண்ணால் பாட்டிலைக் கிட்டே வைத்துப் பார்த்தார். மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு மாற்றி, புரை இருக்கிற கண்ணால் பார்த்தார். "இந்தக் கண்ணுல பாத்தா இது இவ்வளவு தெரியலயே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தினம் பாத்தேன் தம்பி. எனக்குத் தண்ணியாத்தான் தெரிஞ்சிச்சு" என்றார்.

புரை முற்றினால் கண்ணுக்குள் இருக்கிற வில்லை பழுத்து மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகிறது. பார்க்கிற எல்லாவற்றின் மேலும் அந்தப் பழுப்பு ஏறுகிறது. படிப்படியாக ஏறுவதால் பார்க்கிறவருக்குத் தெரிவதில்லை. தண்ணீரும் படிப்படியாகத்தான் பழுத்தது. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கின்றன. நான் முந்தின நாள் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அப்போது ஒரு வழியும் தெரியவில்லை. காந்தத்தை நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

மூடி

பாட்டில் எல்லாவற்றுக்கும் விடை சொல்லிவிடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணெய் கலக்காமலும் ஹெட் கேஸ்கட் போகும். சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவில் மட்டும் விட்டால், எரிந்த புகை தண்ணீருக்குள் புகும், எண்ணெய்க் கம்பி சுத்தமாகவே இருக்கும். தண்ணீர் எங்கே போனது என்ற கேள்வியும் அப்படியே நின்றது. வெறும் துருவை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டிருந்தால், திஞ்சான் முடிவதற்குள் உண்மையிலேயே ஹெட்டைத் தூக்க வேண்டியிருந்திருக்கும்.

ரங்கூனிலேயே தாக்கேட்டாப் பக்கம் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு தமிழ் அண்ணன் பட்டறை வைத்திருக்கிறார். கையோடு அங்கே போனோம். அவர் ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். குழாய்க்குள் நீல மருந்து. எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர்க் குமிழை அமுக்கி அமுக்கி, ரேடியேட்டருக்குள் இருக்கிற காற்றை அந்த மருந்து வழியாக இழுத்தார். எரிந்த புகையில் கார்பன் டை ஆக்ஸைடு இருக்கும், அது பட்டால் நீலம் மஞ்சளாக மாறிவிடும். அப்பா முக்காலியில் உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஆனது. "நீலம் நீலமாவே நிக்குது" என்று அவர்தான் முதலில் சொன்னார். புது வில்லை வைத்த கண்ணுக்கு நீலம்தான் எல்லாவற்றையும்விட எடுப்பாகத் தெரிகிறது என்று அந்த நாட்களில் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார். 0.9-இல் முள்ளை நிறுத்திக் கால் மணி நேரம் விட்டார். அசையவில்லை. ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் எல்லாம் கெட்டி. அண்ணன் கடைசியாக மூடியை எடுத்து, தனியாக ஓர் இணைப்பில் மாட்டி அதற்கும் அழுத்தம் கொடுத்தார். அதன் மேல் 0.9 என்று அச்சடித்திருக்கிறது. முள் 0.3-ஐத் தாண்டவே இல்லை. ஓரத்து ரப்பர் மரக்கட்டை மாதிரி இறுகி, ஒரு பக்கம் வெடித்திருந்தது. நடுவில் இருக்கிற சின்ன வால்வைத் துருவே ஒட்டிவைத்திருந்தது.

அந்த மூடிக்கு இரண்டு வேலை. ஒன்று, அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 118 வரைக்கும் தாங்கச் செய்வது. இரண்டாவது வேலையை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. சூட்டில் தண்ணீர் விரியும்போது மிச்சம் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போகும், எஞ்சின் ஆறும்போது அதே தண்ணீரை ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அதற்கு வழிவிடுவது அந்த நடு வால்வு. எங்கள் மூடி போக மட்டும் விட்டது. திரும்பி வரவேண்டிய தண்ணீருக்குப் பதிலாக வெடித்த ரப்பர் ஓரமாகக் காற்று புகுந்தது. ஆகையால் பாட்டில் எப்போதும் நிறைந்திருக்கும், நிறைந்து வழிந்து ஓடுகிற வண்டியிலிருந்து ரோட்டிலேயே சிந்திவிடும், வீட்டில் நிறுத்தும்போது ஈரம் தெரியாது. ரேடியேட்டர் மட்டும் தினம் கொஞ்சம் குறையும்.

அண்ணன் இதைச் சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா தினம் மூடியைத் திறந்தது மூட நம்பிக்கை இல்லை. அவர் உண்மையான ஒரு குறையைக் கண்டு, தினம் அதை நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் நிரப்பியதால்தான் இத்தனை வருஷம் வண்டி சூடேறவில்லை. அவருக்குக் கண் அறுவை ஆன பிறகு நான் பாட்டிலின் கோட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்ட வாரங்களில்தான் ரேடியேட்டர் காலியாகி, லேகு வாசலில் முள் ஏறியது. அதே சமயம், அவர் ஊற்றிய ஒவ்வொரு செம்பும் புது இரும்பையும் புதுக் காற்றையும் உள்ளே கொண்டுபோனது. மூடி வழியாகவும் காற்று. துருவுக்கு வேண்டியது தண்ணீரும் பிராணவாயுவும், இரண்டும் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எஞ்சினைத் தின்றது அவீசித் தண்ணீர் என்று நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இதுதான் என்னைச் சமாதானமாக விடாமல் வைத்திருக்கிறது. அவர் மேல் தப்பு என்று சொல்ல முடியவில்லை, தப்பே இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கவும் முடியவில்லை. எந்த வேலையால் வண்டி ஓடியதோ அதே வேலையால் அரித்தும் போயிருக்கிறது.

ஹீட்டர்

கழுவுகிற வேலையை வீட்டிலேயே செய்தோம். அமிலம் போட்டுச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டதற்கு அண்ணன் வேண்டாம் என்றார். பழைய ரேடியேட்டரில் எந்த ஓட்டையைத் துரு அடைத்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும், மெதுவாகத் தண்ணீராலேயே எடு என்றார். நல்ல யோசனை. அவீசித் தண்ணீர் தொடவில்லை, இருபது லிட்டர் குடிதண்ணீர் போத்தல்களை இறக்கினேன்.

ரேடியேட்டரின் கீழ்த் திருகைத் திறந்தால் மொத்தத் தண்ணீரில் பாதிதான் இறங்கும். மீதி பிளாக்குக்குள் நிற்கும். நிரப்பி, ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடி இறக்கினால் கால்வாசி மிஞ்சும். பிறகு அரைக்கால். ஐந்து தடவைக்கு 32-இல் ஒரு பங்குதான் பழசு மிஞ்ச வேண்டும். கணக்கு அப்படி. ஆனால் நான்காவது தடவை கிட்டத்தட்டத் தெளிந்து வந்த தண்ணீர், ஐந்தாவது தடவை முந்தினதைவிட மோசமாகப் பழுத்து வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா வண்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "நீ ஹீட்டரத் தள்ளி வெச்சியா?" என்றார். ஆமாம், அந்தத் தடவைதான் எங்கேயோ படித்தது ஞாபகம் வந்து, ஏசிக் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பியிருந்தேன். ஜப்பான் குளிருக்காக வைத்த ஹீட்டர். ரங்கூனுக்கு வந்த நாள் முதல் அந்தக் குமிழை யாரும் சிவப்புப் பக்கம் திருப்பியதில்லை, திருப்ப அவசியம் என்ன வந்தது. அதன் குழாய்களுக்குள் வருஷக்கணக்காகத் தேங்கிக் கிடந்த சேறு வால்வு திறந்ததும் மொத்தமாகப் புறப்பட்டு வந்துவிட்டது. அதற்கப்புறம் ஏப்ரல் வெயிலில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஹீட்டரை முழுசாக வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டோம். இன்னும் நான்கு தடவை. அப்பா ஒவ்வொரு தடவையும் ஒரு தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இன்னும்" என்பார். அந்த வேலையை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

இறக்கிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மூடி போட்ட டின்களில் பிடித்தேன். பழைய கூலன்ட் எவ்வளவு மிஞ்சியிருந்ததோ, அதில் இருக்கிற எத்திலின் கிளைக்கால் இனிக்கும், நக்கினால் சிறுநீரகத்தைக் கொன்றுவிடும். எங்கள் தெருவில் நாய்களுக்குக் குறைவில்லை. வாசலில் சிந்திய இடத்தையும் அம்மா மண் போட்டு மூடி, கூட்டி அள்ளினார்.

கடைசியில் புது மூடி, புது தெர்மோஸ்டாட், பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதி சிவப்புக் கூலன்ட். மூடியின் விலை, ஹெட் வேலைக்குச் சொன்ன தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிற மாதிரி இல்லை. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் கம்பெனிக்காரன் போடுகிற சாயம், எல்லோருக்கும் பொதுவான கணக்கு அதில் கிடையாது. டப்பாவின் பின்பக்கம் எந்த வண்டிக்கு என்று எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். ஜப்பான் வண்டிகளுக்குச் சிலிக்கேட் இல்லாத, பாஸ்பேட் உள்ள வகை. பாஸ்பேட் கடினத் தண்ணீரோடு சேர்ந்தால் உப்புக் கட்டும், அதனால்தான் கலக்குகிற தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்.

அப்பாவிடம் நான் மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. மே மாதம் பெகுவுக்குப் போனபோது அவரை முன்சீட்டில் உட்கார வைத்தேன். ஸ்டியரிங் வலது பக்கம், ரோட்டிலும் வலது பக்கமே ஓட்ட வேண்டிய நாடு. முன்னால் லாரி போனால் எதிரே என்ன வருகிறது என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, இடதுபக்கச் சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். லேகு தாண்டியதும் ஒரு கரும்பு லாரி. "இரு... இரு... பஸ் வருது, இரு... இப்ப வா" என்றார். வந்தேன். சூட்டு முள் பாதிக்குக் கீழே நின்றது. இருவருமே அதைப் பார்த்தோம் என்று நினைக்கிறேன்.

இப்போது விடியற்காலையில் போனட்டை அவர்தான் தூக்குகிறார். வாரத்துக்கு ஒருமுறை என்று ஒப்பந்தம். குறைந்திருந்தால் ஊற்ற, கலந்து வைத்த கூலன்ட் போத்தல் டிக்கியில் இருக்கிறது. இதுவரை தொடவேண்டி வரவில்லை. போன சனிக்கிழமை அந்த ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, மறுபடி ரேடியேட்டரிலிருந்து பிடித்து ஜன்னல் திட்டில் வைத்தோம். காலையில் சிவப்பு சிவப்பாகவே தெளிந்து நின்றது. அடியில் நகக் கனத்துக்குக் காவித் தூள் இறங்கியிருந்தது. பிளாக்குக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிற பழசு இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அப்பா பாட்டிலின் வெளிப்பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். அடுத்த மாதம் அதே உயரத்துக்குப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்.